உங்களுக்குத் தெரியுமா? தட்கல் வரிசையில் ஆள் பாதி, 'பாட்' பாதி!

தட்கல் முன்பதிவு திறந்த முதல் 5 நிமிடங்களில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் நடக்கும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை மனிதர்கள் செய்பவை அல்ல. 'பாட்' எனப்படும் தானியங்கி மென்பொருள்களின் வேலை அது! 2025 ஜூனில் ரயில்வே வெளியிட்ட தகவல் இது.

• சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் அதிகமான பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன.

• 2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல். ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி.யும் கட்டாயம்.

• முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 முதல் 10.30 வரை, மற்றவற்றுக்கு 11 முதல் 11.30 வரை.

• அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாக நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை. இணைய முன்பதிவு வருவதற்கு முன்பே, 1989இல் இயற்றப்பட்ட ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவு இது. இ-டிக்கெட்டுக்கும் இது பொருந்தும் என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.