நேராக ஓடும் காருக்கும் அலைன்மென்ட் வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டயர் கடைக்குக் காற்றுப் பிடிக்கப் போகும்போதெல்லாம், "சார், அஞ்சாயிரம் ஓடிடுச்சு, அலைன்மென்ட் பாத்துடலாமா?" என்று கேட்கிறார்களாம். "காலியான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பார்த்தேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகத்தான் போகிறது. பிறகு எதற்கு அலைன்மென்ட்? கடைக்காரர் பிழைப்புக்காகச் சொல்கிறாரா?" என்பது அவர் கேள்வி.

பிழைப்புக்காகவும் சொல்லலாம். ஆனால் வாசகர் செய்து பார்த்த சோதனையை நம்பி வீட்டுக்குப் போய்விட முடியாது. அலைன்மென்ட் கோளாறுகளிலேயே அதிகம் செலவு வைக்கும் கோளாறு அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. கார் அம்புபோல நேராகப் போய்க்கொண்டிருக்கும், டயர் அடியில் கரைந்துகொண்டிருக்கும்.

கடையில் பார்ப்பது மூன்று கோணங்களை. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திரும்புகிறதோ, பக்கத்திலிருந்து பார்க்கையில் அந்த அச்சுக்கு உள்ள சாய்வு காஸ்டர். வளைவில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதே, அது பெரிதும் காஸ்டரின் வேலை. இந்த இரண்டையும் நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் திருகித் திருத்த வழியே கிடையாது. தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். மூன்றாவது கோணம் டோ. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

காரின் மேலே பறந்தபடி குனிந்து பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக இருக்குமா? பல கார்களில் இருக்காது. வேண்டுமென்றே ஒரு மயிரிழை கோணலாக வைத்திருப்பார்கள். எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான். நேராகப் போவதற்காகவே கோணலாக வைக்கிறார்கள்.

காரணம் ரப்பர். சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் கைகளின் மூட்டுகளில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. நிற்கும்போது ஒரு நிலை, ஓடும்போது அவை நசுங்கி வேறொரு நிலை. அம்பாசிடரில் எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரங்களை. முன்சக்கரங்கள் சும்மா தள்ளப்பட்டு உருள்பவை. சாலை அவற்றைப் பின்னோக்கி இழுக்க, அவற்றின் முன்விளிம்புகள், அதாவது மூக்கு இரண்டும், வெளியே விரியப் பார்க்கும். அதனால் அப்படிப்பட்ட கார்களில் நிற்கும்போதே மூக்கைச் சற்று உள்ளே கூட்டி வைப்பார்கள். ஓடும்போது விரிந்து நேராகிவிடும். 1983இல் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. அவை காரை இழுத்துக்கொண்டு முன்னால் பாய்வதால் மூக்கு உள்ளே கூடப் பார்க்கும். ஆகவே இவ்வகைக் கார்கள் பலவற்றுக்குப் பூஜ்யமோ, துளி வெளிவிரிவோ கொடுப்பார்கள். எந்த மாடலுக்கு எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். அம்பாசிடர் கணக்கை மாருதிக்குப் போட முடியாது.

இந்த அளவு இவ்வளவு நுணுக்கமானது என்றாலும், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் சாக்பீஸாலேயே அளந்தார்கள். இரண்டு முன் டயர்களின் முன்பக்கத்திலும் அச்சு உயரத்தில் ஒரு கோடு போட்டு, இடையில் உள்ள தூரத்தை அளப்பார்கள். பிறகு கோடுகள் பின்பக்கம் போகும்வரை காரை அரைச்சுற்று உருட்டி, மறுபடி அளப்பார்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. ஒவ்வொரு சக்கரமும் கால் டிகிரி விலகியிருந்தால் சின்னக் காரில் அந்த வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போது கைக்கும் தெரியாது.

டயருக்குத் தெரியும். கால் டிகிரி விலகிய சக்கரம், கார் ஒரு கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது; கார் விடுவதில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர் என்று வைத்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தச் சக்கரம் 2 கிலோமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டுச் சண்டை போட்டிருக்கும். அவ்வளவும் உரசலாகிவிடுவதில்லை. ரப்பர் வளைந்து கொடுத்து ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். மீதி தேய்மானம்.

சரி, இவ்வளவு சண்டை நடந்தும் கார் ஏன் ஒரு பக்கமாக இழுக்கவில்லை? இரண்டு முன்சக்கரங்களும் டை ராட் வழியாக ஒரே ஸ்டியரிங்கில் கோத்திருக்கின்றன. ஒன்று வலப்பக்கம் போகத் துடித்தால் மற்றது அதே பலத்தோடு இடப்பக்கம் போகத் துடிக்கிறது. இழுபறி சமமாகிவிட, கார் நடுவே நேராகப் போகிறது. ஒரே ஒரு சக்கரத்தின் டை ராட் வளைந்திருந்தாலும் இதே கதைதான். கோணலை இரண்டு சக்கரங்களும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அப்போது ஒரே ஒரு அடையாளம் கிடைக்கும்: கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். நேர்ச்சாலையில் கம்பெனிச் சின்னம் தலை சாய்ந்து நின்றால் வேறு யோசனையே வேண்டாம், அலைன்மென்ட் பார்க்க வேண்டிய வண்டி அது.

இந்த டை ராட் ஏற்பாட்டுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. வண்டியின் முன்சக்கரங்கள் ஒரே அச்சோடு சேர்ந்து திரும்பாமல் தனித்தனியே திரும்பும்படி அமைத்தவர் மியூனிக்கில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக 1818இல் லண்டனில் காப்புரிமை வாங்கிக்கொடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்று உலகம் முழுக்க அது ஆக்கர்மன் அமைப்பு. செய்தவரின் பெயர் பாடப்புத்தக அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

ஓட்டிப் பார்த்துத் தெரியாது என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? கையால்தான். டயரின் ஓடுபரப்பில் குறுக்காக, வெளியோரத்திலிருந்து உள்ளோரத்துக்கு உள்ளங்கையை மெல்ல ஓட்டுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. டோ கெட்ட டயர் ஒரு திசையில் வழவழக்கும், எதிர்த்திசையில் சுரசுரக்கும். எங்கள் வீட்டில் கெண்டை மீன் ஆய்வது சிறுவயதில் என் வேலையாக இருந்தது. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும்; வாலிலிருந்து தலைக்குப் போனால் செதில் குத்தும். டோ தின்ற டயரைத் தடவும்போது கைக்குக் கிடைப்பது அதேதான். ஒவ்வொரு ரப்பர் கட்டியும் ஒரு விளிம்பில் மழுங்கி, மறு விளிம்பில் கூராகியிருக்கும். எந்தத் திசையில் குத்துகிறது என்பதை வைத்தே மூக்கு கூடியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. கம்பி பிதுங்கிய டயரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், கை கிழிந்துவிடும்.

கண்ணால் பார்ப்பவர்கள் உள்ளோரத்தையும் பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் வெளியோரத்தை மட்டுமே பார்க்கிறோம். அது பளிச்சென்று இருக்கும், உள்ளோரத்தில் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்தினால் ஒரு டயரின் உள்ளோரம் வெளிச்சத்துக்கு வரும். மறுபக்கம் ஒடித்தால் மற்றது. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரோ டோவோ சந்தேகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் அலைன்மென்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், காற்றைக் குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று அலைன்மென்ட் செய்யப் போகிறவர்கள் ஏராளம். அது பேலன்சிங் சமாச்சாரம், வேறு மெஷின், வேறு வேலை.

ஒரு பக்கம் இழுக்கும் காருக்கு வருவோம். அதிலும் அவசரப்படக் கூடாது. மழைநீர் வடிய நம் சாலைகளை ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கார் லேசாக இடப்பக்கம் நகர்வது காரின் குற்றமல்ல. காலியான பெரிய மைதானம் கிடைத்தால் ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் காரின் ஒரே பக்கமாக நகர்ந்தால் கோளாறு காரில் இருக்கிறது. போகும்போது இடமும் வரும்போது வலமுமாக நகர்ந்தால் சரிவு தரையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கையை எடுத்துவிட்டுச் செய்யும் வேலை அல்ல இது. பிடியைத் தளர்த்தினாலே போதும்.

காரில்தான் என்று உறுதியானால் முதலில் காற்று. இரு முன் டயர்களுக்கும் அளவு மாறியிருந்தாலே வண்டி குறைந்த பக்கம் சாயும். அடுத்து பிரேக். கொஞ்சதூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்துக்கு அருகில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறது. அதுவும் இல்லையா, முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள் (குறிப்பிட்ட திசையில் மட்டுமே சுழல வேண்டிய டயர்களை அப்படி மாற்றக் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரின் வார்ப்பில். இவ்வளவும் தாண்டி இழுத்தால் அலைன்மென்ட் மெஷினுக்கு அனுப்பலாம்.

தேய்மானம் தெரிகிறவரை காத்திருக்கக் கூடாத சில சந்தர்ப்பங்களும் உண்டு. தூக்கிப்போட்ட மாதிரி சத்தத்தோடு பள்ளத்தில் விழுந்தாலோ, நடைபாதை விளிம்பில் சக்கரம் இடித்தாலோ பார்த்துவிட வேண்டும். டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்டியரிங் ரேக் என்று எதை மாற்றினாலும் கட்டாயம். புது டயர் போடும் அன்றும் பார்ப்பது நல்லது, பழையது ஓரம் தேய்ந்து கழன்றிருந்தால் தவறவே கூடாது. பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பழைய டயரைத் தின்ற அதே கோணலில் புது ஜோடியை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடைக்காரர்களிடமும் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. டை ராட் எண்ட் ஆடுகிறதா, பால் ஜாயிண்ட் லூஸா என்று ஆட்டிப் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது வீண்வேலை. மெஷினில் பச்சை காட்டும், கேட்டைத் தாண்டியதும் கோணம் மாறிவிடும். இரண்டாவது, கேம்பர். திருத்த வழியில்லாத கார்களில் ஹைட்ராலிக் கருவியை வைத்து ஸ்ட்ரட்டையே வளைத்து அளவுக்குக் கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது. அதற்குத் தனிக் காசும் வாங்குகிறார்கள். ஒரு உலோகப் பாகம் ஏன் அளவு மாறியது என்று கேட்காமல் இன்னொரு முறை வளைப்பது வைத்தியமாகாது. புஷ் தேய்ந்ததா, ஆர்ம் வளைந்ததா என்று பார்த்து அந்தப் பாகத்தை மாற்றச் சொல்வதுதான் முறை.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட் கவருக்கும் வாசனைப் புட்டிக்கும் பாலிஷுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். சாலையைத் தொடும் ஒரே பாகத்தை, ஆளுக்கு ஓர் உள்ளங்கை அகலமே தரையில் பதியும் நான்கு டயர்களை, குனிந்து பார்ப்பதில்லை. குலசேகரம் பக்கம் போனால் விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே பால் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். கார் டயரில் செயற்கை ரப்பரும் கரியும் கலந்திருந்தாலும் அந்த மரத்துப் பாலும் உண்டு. 5 மில்லிமீட்டர் அலட்சியத்தால் அதைத் தூளாக்கிக் காற்றில் கலந்து, நாமே சுவாசிக்கவும் செய்கிறோம்.

அஞ்சாயிரத்துக்கு ஒருமுறை என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கார் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். இடையில் மாதம் ஒருமுறை, காற்று பார்க்கும் அன்று, இரண்டு முன் டயர்களையும் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் குத்தினால் வண்டி எவ்வளவு நேராகப் போனாலும் கடைக்கு விடுங்கள். வேலை முடிந்ததும், திருத்துவதற்கு முன் இருந்த அளவும் திருத்திய பின் உள்ள அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தராத கடைக்கு மறுமுறை போகாதீர்கள்.