குளக்கரை செப்பனிடுதலும் மண்வேலை யந்திரங்களும்

2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன. இவற்றுள் நூற்றுக்கு 97 கிராமப்புறங்களில் இருப்பவை. ஏறத்தாழ 60 குளங்கள். இராஜஸ்தானத்தின் ஆல்வார் மாவட்டத்தில் ‘ஜோஹட்’ எனப்படும் பிறைவடிவக் குளங்களும் இவ்வகையின. குளத்தின் உயிர் அதன் கரையே. கரையில் நேர்ந்த உடைப்பை அடுத்த மழைக்குள் சரிவர அடைக்காவிடில், ஓராண்டின் நீர் முழுவதும் வீணாவதுடன் கீழேயுள்ள வயல்களும் மணல் மூடிப் பாழாகும்.

தொலைவிலுள்ள குளத்திற்கு எந்த யந்திரத்தைக் கொண்டுசெல்வது? முதலிற் காணவேண்டியது யந்திரத்தின் ஆற்றலன்று, வேலையின் அளவே. 3 மீட்டர் உயரமும், உச்சியில் 2 மீட்டர் அகலமும், இருபுறமும் ஒன்றுக்கு இரண்டு சரிவும் உடைய கரையின் அடி 14 மீட்டர் அகலமிருக்கும். குறுக்குப் பரப்பு 24 சதுர மீட்டர். உடைப்பு சராசரி 6 மீட்டர் நீளமாயின் 144 கன மீட்டர் மண் வேண்டும். இருமருங்கிலும் தளர்ந்த மண்ணை வெட்டி நீக்கிப் படிகளாக்கி இணைக்கவேண்டியிருப்பதால் 200 கன மீட்டர் எனக் கொள்ளலாம். இறுகிய நிலையில் 200 கன மீட்டர் பெறச் சுமார் 230 கன மீட்டர் வெட்டவேண்டும். வெட்டிய மண் பொங்கிச் சுமார் 290 கன மீட்டராகும். 3 கன மீட்டர் கொள்ளும் டிராக்டர் டிரெயிலருக்கு இது நூறு நடை வேலை.

இனி, வழியைக் காண்க. 20 டன் எடையுள்ள பெரிய வெட்டு யந்திரத்தை லாரியில் ஏற்றிச் செல்லும்போது, லாரியின் எடையும் சேர்ந்து கிராமப் பாலங்களைத் தாக்கும். 8 டன் அளவினதான பேக்ஹோ யந்திரமோ தன் சக்கரங்களிலேயே சென்றடையும். ஆனால் சேற்றில் அது புதையக்கூடும். அங்குச் சங்கிலிச் சக்கர யந்திரமே ஏற்றது.

மண் எடுக்கும் இடம் 100 மீட்டருக்குள் இருப்பின் புல்டோசர் தள்ளிச் சேர்ப்பது சிக்கனம். அதற்கு மேற்பட்டால் பேக்ஹோவும் டிராக்டர்களுமே தக்கவை. மண்ணைச் சுரண்டி எடுத்துச் செல்லும் ஸ்கிரேப்பரைக் கொண்டுவர இவ்வளவு சிறிய வேலை ஈடாகாது. வழியே இல்லாத மலைப்பகுதியில் மனித உழைப்பையும் ஒதுக்கலாகாது. ஒருவர் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வெட்டுவதாகக் கொண்டால், 20 பேர் 230 கன மீட்டரை ஆறு நாட்களில் வெட்டிவிடுவர். ஆல்வாரில் 1985-ஆம் ஆண்டு முதல் ஜோஹட்கள் புதுப்பிக்கப்பட்டபோது கிராம மக்களின் உழைப்பே பெரிதும் பயன்பட்டது.

எவ்வழியில் மண் வந்தாலும் அதை இறுக்குவதே கரையின் உறுதியை நிர்ணயிக்கும். ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்திலேயே மிக நன்றாக இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் விளக்கினார். உள்ளங்கையில் பிடித்தால் மண் உருண்டையாக நிற்கவேண்டும், கையை நனைக்கலாகாது. மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, களிமண்ணாயின் ஆட்டுக்கால் உருளையால் இறுக்குதல் வேண்டும். புல்டோசரின் அகன்ற சங்கிலி எடையைப் பரப்பிவிடுவதால் அதன் ஓட்டம் உருளைக்கு ஈடாகாது. உருளை கிடைக்காத இடத்தில் அடுக்கின் கனத்தைப் பாதியாக்கித் திமிசுக்கட்டையால் இடிக்கலாம்.

ஆகவே, வாடகைப் பணம் ஒரு யந்திரத்திற்கே போதுமெனில், கைகளால் மண் வெட்டி, உருளையை வரவழைப்பது நன்று. மண் வெட்டுவதில் நேரும் தாமதம் சில நாட்களை விழுங்கும். இறுகாத கரையோ முதல் வெள்ளத்திலேயே குளத்தை விழுங்கிவிடும்.