இருட்டில் பழம் தேடும் பறவை

டிரினிடாட் தீவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கரோனி சதுப்புநிலத்தைத்தான். சாயங்காலம் படகேறினால் அலையாத்திக் காட்டுக்கு நடுவே, திறந்த நீர்ப்பரப்பில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வெயில் தாழத் தாழ, செந்நிற அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் அடையும். சற்று நேரத்தில் இலையைவிடச் சிவப்பு அதிகமாகத் தெரியும். குஞ்சுப் பருவத்தில் இவற்றுக்கு இந்த நிறம் கிடையாது. பழுப்பும் வெள்ளையுமாக, சதுப்புச் சேற்றோடு ஒட்டித்தான் இருக்கும். நண்டும் இறாலும் தின்னத் தின்ன, அவற்றிலுள்ள கரோட்டினாய்டு நிறமி இறகில் ஏறுகிறது. நாட்டின் தேசியப் பறவைகளில் இதுவும் ஒன்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு பறவைக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு இதற்கு இல்லை. வடக்கு மலைத்தொடரில் உள்ள ஒரு குகைக்கு, எண்ணெய்ப் பறவையைப் பார்க்கப் போகச் சொல்வேன்.

கரீபியன் தீவுகளில் டிரினிடாட் ஒரு தனி ரகம். ஜமைக்காவில் உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் இருபதுக்கும் மேல் உண்டு. டிரினிடாட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டுதான். அதற்குப் பதில் இங்கே பதிவான இனங்களின் எண்ணிக்கை நானூறைத் தாண்டும். வெனிசுவேலாவின் கரை சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கிக் கிடந்தபோது இது தீவாகவே இல்லை, தென்னமெரிக்காவின் ஒரு முனை. கண்டத்தின் காட்டுப் பறவைகள் அப்படி வந்து தங்கியவை. நான் சொல்லும் எண்ணெய்ப் பறவையும் கண்டத்து உறவுதான்.

அரிமா பள்ளத்தாக்கில் ஸ்பிரிங் ஹில் என்று ஒரு பழைய தோட்டம். 1967இல் அது ஆசா ரைட் இயற்கை மையமாக மாறியது. அதன் எல்லைக்குள், ஓடையொன்று பாறையைக் குடைந்துகொண்டு போகும் இடத்தில் டன்ஸ்டன் குகை இருக்கிறது. வாய்ப்பக்கம் மங்கலான வெளிச்சம் உண்டு என்பதால் உள்ளே நுழையாமலே பாறைத் திட்டுகளில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைப் பார்க்க முடிகிறது. செம்பழுப்பு உடல், அதில் வெள்ளைப் பொட்டுகள், வளைந்த கெட்டி அலகு, அதைச் சுற்றி மீசை மயிர். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கிக் குருவிகளுக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் தன் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம். ஆள் அரவம் கேட்டால் போதும், கரகரவென்று அலறத் தொடங்கிவிடும். ஒன்று தொடங்கினால் குகை முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

இரவில் பறந்துபோய்ப் பழம் தின்னும் பறவை உலகிலேயே இது ஒன்றுதான். பனை வகைகளின் பழங்களும், வெண்ணெய்ப்பழக் குடும்பத்து மரங்களின் பழங்களும் இதற்கு உணவு. பறந்தபடியே பறித்து, முழுசாக விழுங்கி, சதை கரைந்ததும் கொட்டையைக் கக்கிவிடும். பழத்தில் கொழுப்பு நிறைய, புரதம் கொஞ்சம். வளரத் தேவையான புரதத்தைச் சேர்க்கக் குஞ்சு ஏகப்பட்ட பழத்தைத் தின்றாக வேண்டும். மிஞ்சுகிற கொழுப்பெல்லாம் உடம்பில் தங்குகிறது. கூட்டிலேயே மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும் குஞ்சு, ஒரு கட்டத்தில் தாயைவிட ஒன்றரை மடங்கு எடை இருக்கும்! 1799இல் வெனிசுவேலாவின் காரிப்பே குகைக்குப் போன இயற்கையியலாளர் ஹம்போல்ட், அங்கிருந்த பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் இந்தக் குஞ்சுகளைப் பிடித்து எண்ணெய் உருக்கியதை எழுதி வைத்திருக்கிறார். விளக்குக்கும் சமையலுக்கும் அதுதான். பறவைக்குப் பெயர் வந்த கதையும் அதுவே.

கும்மிருட்டுக் குகையில் இத்தனை பறவைகள் சுவரில் மோதாமல் எப்படிப் பறக்கின்றன? 1953இல் விலங்கியலாளர் டொனால்ட் கிரிஃபின் இதே காரிப்பேயில் சோதித்துப் பார்த்தார். காதை அடைத்துவிட்டு இருட்டறையில் பறக்கவிட்டால் பறவைகள் சுவரில் மோதின. அடைப்பை எடுத்ததும் சரியாகப் பறந்தன. ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கின்றன. வௌவால் செய்வதும் இதுதான். ஆனால் வௌவால்களில் பெரும்பாலானவை எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது, இது எட்டும். எட்டுகிற அளவுக்குத் தாழ்ந்த ஒலி என்பதால் துல்லியம் குறைவு. பாறைச் சுவர் தெரியும், கொசு தெரியாது. பழம் தின்கிற பறவைக்குக் கொசு எதற்கு? நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் குகைகளிலும் இலங்கையிலும் கூடு கட்டும் சிறு உழவாரன் ஒன்றும் இதே வித்தையைக் கற்றிருக்கிறது. பறவைகளில் இது தெரிந்தவை மிகச் சில.

குகையை விட்டு வெளியே வந்துவிட்டால் வேலை கண்ணுக்கு மாறுகிறது. இதன் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம். மனிதக் கண்ணில் அவை மிக நெருக்கமாக இருக்கும் இடத்திலேயே ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். ஒரே வரிசையில் இடம் போதாமல் அடுக்கடுக்காக நிற்கின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு நெருக்கம் வேறெதிலும் பதிவானதில்லை. நிலா வெளிச்சமே தாராளமாகப் போதும் கண் இது. அதன் முன்னால் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள் என்று வழிகாட்டி சொன்னால் முணுமுணுக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழைய புதிரும் இருந்தது. குகைத் தரையில் கொட்டைகள் குவிந்து கிடக்கும். சில முளைக்கவும் செய்யும். வெளிச்சம் இல்லாததால் வெளிறி நீண்டு, பிறகு செத்துவிடும். காட்டில் அத்தனை பழத்தையும் தின்றுவிட்டு விதையை இப்படிக் குழிக்குள் வீணடிக்கிறதே என்று பலரும் நினைத்திருந்தார்கள். வெனிசுவேலாவில் பறவைகளின் மேல் ஜி.பி.எஸ். கருவி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. அதில் தெரிந்தது வேறு: குகைக்குத் தினமும் திரும்புவதாக நாம் எண்ணியிருந்த பறவைகள், பல பகல்களைக் காட்டு மரங்களிலேயே கழித்தன. பழம் தின்ற இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, வெளிச்சம் விழும் மண்ணில்தான் விதைகளில் பெரும்பங்கைப் போட்டிருக்கின்றன. நாம்தான் இத்தனை நாளும் குகைத் தரையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.