பாட்டி பெட்டியில் இருக்கும் பழைய காயினுக்கு ‘கிரேடிங்’ தேவையா? கணக்கு போட்டுப் பார்த்தால்...

பத்து ரூபாய் காயினை வாங்க மறுக்கும் கடைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் நிலைமை முழுசா மாறல. ஆனால் அதே காயினில் வைஷ்ணோ தேவி படம் இருந்தால் லட்சக்கணக்கில் போகும் என்று மொபைலில் ஒரு வீடியோ வந்தால் போதும், உண்டியலைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

இந்த ஆசையின் அடுத்த கட்டம்தான் ‘கிரேடிங்’. வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் ஐடி ஊழியருக்கோ, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கோ பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நாலு வெள்ளி ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அப்படியே விற்காதீங்க, கிரேடிங் பண்ணினா பத்து மடங்கு’ என்று யாராவது சொல்வார்கள். உண்மையா?

கிரேடிங் என்றால் என்ன?

நாணயம் அசல்தானா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நிபுணர்கள் பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அமெரிக்காவின் பிசிஜிஎஸ் 1986-லும், என்ஜிசி 1987-லும் இந்தத் தொழிலைத் தொடங்கின. 70 என்ற அளவுகோல் அதற்கும் முந்தையது. வில்லியம் ஷெல்டன் 1949-ல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது.

தோல் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரகம் பிரிப்பவர் தோலைத் திருப்பிப் பார்த்து கீறல், உண்ணிக்கடி, கத்திவெட்டு எல்லாம் கவனித்து ரகம் சொல்வார். அதற்காக ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் ஆகிவிடாது. காயினும் அப்படித்தான். உறை உத்தரவாதம் தரும். இல்லாத அரிதை உண்டாக்காது.

இப்போது செலவுக்கு வருவோம். சாதாரண பிரிவிலேயே ஒரு நாணயத்துக்குக் கட்டணம் சுமார் 20 டாலர், அதாவது 1,700 ரூபாய்க்கு மேல். கூடவே கூரியர், இன்சூரன்ஸ், முகவர் கமிஷன், திரும்பி வரும்போது சுங்கத்துறை. அந்தப் பணத்துக்குக் குடும்பத்தோடு ஆம்பூர் பிரியாணியே சாப்பிட்டுவிடலாம். மறுபக்கம், 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி 5, 10 ரூபாய் காயின்கள் புழக்கத்துக்காகவே ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. புத்தம்புதுசாக இருந்தாலும் முகமதிப்புக்கு மேல் சில பத்து ரூபாய் கிடைத்தாலே பெரிது. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் ஒரு ரூபாய் காயினும், 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் காயினும் நமக்குப் பாசமானவை. பெட்டியில் வைக்கலாம், தப்பில்லை. 1,700 ரூபாய் உறைக்குள் வைத்தால் நஷ்டம்தான். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1999 முதல் 2008 வரை வந்த மாநில குவார்ட்டர்களைக் காசு கொடுத்து உறை போட்டவர்கள் பலருக்கு, கிரேடிங் செலவுகூடத் திரும்பவில்லை.

வெள்ளி ரூபாய் என்றால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைப் பார்த்ததும் ‘160 வருஷப் பழசு’ என்று கண் விரியும். ஆனால் 1874 வரை அச்சடித்த ரூபாய்களிலும் 1862 என்றே பொறித்தார்கள். அதனால் எங்கும் கிடைக்கும். சில அபூர்வ ரகங்கள் தவிர, மற்றவற்றின் விலைக்கு அடிப்படை அதிலுள்ள சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளிதான்.

இன்னொரு சிக்கல் சட்டம். 100 ஆண்டு கடந்த நாணயம், 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கிரேடிங்குக்காக என்று கூரியரில் போட்டாலும் அது ஏற்றுமதிதான். ஆக, புதிய காயினை அனுப்பினால் செலவு கட்டாது, பழையதை அனுப்பவே கூடாது.

நம் வீட்டு வழக்கங்களும் விலையைக் குறைக்கும். புளி போட்டுத் தேய்த்த காயின் பளபளக்கும். ஆனால் கிரேடிங்கில் எண் கிடைக்காது, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்புதான் வரும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்ததும் அப்படியே. அம்மா தீபாவளிக்குத் தேய்த்து வைத்ததை யாரும் திருப்ப முடியாது.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து ‘1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்று எழுதிய ஒரு அணா இருக்கிறதா? கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பின்னாளில் யாரோ செய்த வில்லைகள் அவை. பூஜை அறையில் தாராளமாக இருக்கட்டும்.

அப்படியானால் எதற்குத்தான் கிரேடிங்? அரிதானது, போலிகள் அதிகம் சுற்றுவது, உறை போட்டால் வாங்குபவரின் சந்தேகம் தீர்வது. இந்த மூன்றும் சேரும் நாணயத்துக்கு. 1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அப்படிப்பட்டது. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. இன்னும் 100 ஆண்டு ஆகவில்லை என்பதால் மேற்சொன்ன தடையும் அதற்குப் பொருந்தாது.

வாங்க ஆள் ரெடி, பதிவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். தன் பெயரையும் லோகோவையும் காட்டிப் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கமிஷன், வரி கேட்பவர்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ல் எச்சரித்திருக்கிறது. அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்றும் சொன்னது.

கையில் உண்மையிலேயே 1939 இருந்தால், முதல் சோதனைக்கு அமெரிக்கா வேண்டாம், பக்கத்து நகைக்கடைத் தராசு போதும். எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம் காட்ட வேண்டும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். அரை கிராம், ஒரு கிராம் என்று இடித்தால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எடை சரியாக இருந்தால், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு அந்த 20 டாலரைப் பற்றி யோசிக்கலாம். போகும்போது தேய்த்துத் துடைக்காமல் எடுத்துப் போங்க.