எல்லையில் அளந்த மழை

சென்ற மாதம் நம் சங்கத்துச் சிறுவர்கள் நடத்திய விஞ்ஞானக் கண்காட்சியைப் பார்வையிடுமாறு நிர்வாகக் குழுவினர் என்னை அழைத்திருந்தனர். எரிமலைகள் நான்கு இருந்தன. நான்கும் குறித்த நேரத்தில் நுரை கக்கின. கடைசி மேசையில், வாடிய முகத்துடன் ஒரு சிறுவன் நின்றான். இரண்டு கிண்ணங்களில் பச்சைப் பயற்றை முளைக்க வைத்து, ஒன்றைச் சாளரத்தருகே வெளிச்சத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள் இருட்டிலும் வைத்திருந்தானாம். வெளிச்சத்தில் இருப்பதே உயரமாக வளரும் என்பது அவன் எதிர்பார்ப்பு. ஆனால் இருட்டில் இருந்ததுதான் வெளிறிப்போய், நூல்போல் மெலிந்து, நெட்டையாக வளர்ந்திருந்தது. அருகில் நின்ற தந்தையார், "சரியாக வரவில்லை. அடுத்த ஆண்டு நல்லதாக ஒன்று செய்து தருகிறோம்" என்று மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார்.

இருட்டில் முளைத்த பயிர் ஒளியைத் தேடி நீளும் என்பது தாவர நூலார் நன்கறிந்த செய்தி. அச்சிறுவன் அதைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்டான். கண்டதைத் தோல்வி என்று எண்ணிக்கொண்டான். அவனிடம் அன்று விரிவாகப் பேச நேரம் வாய்க்கவில்லை. நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது எனக்கு நேர்ந்ததை அவனுக்காகவும், அவன் தந்தையாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் பனச்சமூடு. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'மூடு' என்றால் மரத்தின் அடி. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரமும் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டாரமும் தோளோடு தோள் உரசும் இடம் அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்களூரில் சில வீட்டாருக்கு நாலெட்டு வைத்தால் மாநிலம் மாறிவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் பாட்டி எல்லைக்கு அந்தப் பக்கத்து அருமனையில் பிறந்தவர். "பெய்வதெல்லாம் கேரளத்துப் பக்கம், காய்வதெல்லாம் நம்ம பக்கம்" என்பது அவர் வாக்கு. கேரளத்து மண்ணில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் அவருக்கு 'நம்ம பக்கம்' அதுதான்! இதில் சற்று மனத்தாங்கலும் உண்டு. அகத்தியர் மலையில் பிறந்து பூவாற்றில் கடல் சேரும் நெய்யாற்றுக்கு 1958-இல் அணை கட்டப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்துவந்தது. 2004-ஆம் ஆண்டில் அந்த நீர் நின்றது. விவகாரம் பின்னர் நீதிமன்றம் ஏறியது. கால்வாய் வற்றியதைக் கண்ட முதியவர்களுக்கு மழையும் பட்சபாதம் காட்டுவதாகவே தோன்றியதில் வியப்பில்லை.

2014-ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993 முதல் நம் நாட்டில் நடந்துவருகிறது. பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையைத் தாமே ஆராய்ந்து, நாட்குறிப்பு எழுதி, முடிவைச் சபை முன் சொல்ல வேண்டும். அங்கே மாதிரி உருவங்களைச் செய்து காட்டுவதற்கு மதிப்பில்லை. அவ்வாண்டுக்குரிய பொருள் வானிலையும் காலநிலையும். நானும், எல்லைக்கு அப்பாலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த என் தோழியும் சேர்ந்து பெயர் கொடுத்தோம்.

"மழை ஏன் குறைந்து வருகிறது?" என்பது நாங்கள் முதலில் எழுதிக் கொடுத்த கேள்வி. ஆசிரியை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதற்கு விடை காண உங்களுக்கு எத்தனை ஆண்டு வேண்டும்? கையில் என்ன கருவி இருக்கிறது?" என்றார். ஒரு வாரம் யோசித்தோம். பாட்டியின் வாக்கு நினைவுக்கு வந்தது. 'எங்கள் ஊரில் எல்லைக்கு இந்தப் பக்கம் அதிக மழையா, அந்தப் பக்கமா?' என்று கேள்வியைச் சுருக்கினோம். பெரிய கேள்வியைக் கைக்கு அடங்கும் அளவுக்கு நறுக்குவது எவ்வளவு கடினமான வேலை என்பதை இன்று ஆராய்ச்சி மாணவியான பிறகும் நான் உணர்ந்துகொண்டேதான் இருக்கிறேன்.

பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் அதுவே புனல். எங்கள் புட்டியின் வாய் 8 சென்டிமீட்டர் அகலம். பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். ஆகவே 5 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. இதில் ஓர் ஆபத்தும் உண்டு: அளக்கும்போது ஒரு தேக்கரண்டி நீர் சிந்தினால் ஒரு மில்லிமீட்டர் மழை காணாமற்போகும்! அரசாங்க வானிலைத் துறையாரின் மழைமானிகளில் 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ளவை உண்டு. அங்கே அதே கரண்டி நீர் கால் மில்லிமீட்டர்தான். கருவியின் வாய் அகலமாக இருக்க வேண்டுவது ஏன் என்பதைப் பாடப் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. சிந்திய கரண்டி சொல்லிற்று. அத்துறையார் அளக்கும் நேரமாகிய காலை எட்டரை மணியையே நாங்களும் வைத்துக்கொண்டோம். எல்லைக்கு இருபுறமும் சில வீடுகளில் புட்டிகளை வைத்து, தம்பி தங்கையரைக் காவல் வைத்தோம்.

பாட்டிக்கு இதெல்லாம் வேடிக்கை. "மழையைப் புட்டியில் அளப்பார்களா? ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொன்னால் போதாதா?" என்பார். ஏர் பிடிக்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே உழவரின் அளவை. அதையும் நான் நாட்குறிப்பில் எழுதினேன். அண்டை வீட்டு மலையாள அம்மையார் 'துலாவர்ஷம்' என்பதும் பாட்டி 'ஐப்பசி மழை' என்பதும் ஒரே மழைதான் என்று எழுதினேன். மழையை அளந்து விளைச்சலைக் கணிக்கும் வழக்கம் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே உண்டென்று ஆசிரியை சொன்னபோது, எங்கள் புட்டிக்குத் திடீரென்று கௌரவம் கூடிவிட்டது.

முதல் இரண்டு மாதங்கள் எல்லாம் மிக நன்றாக நடந்தன. நாளுக்கு நாள் எங்கள் வீட்டுப் புட்டியில், அதாவது கேரளத்துப் பக்கத்தில், மழை அதிகம். தோழி வீட்டில் குறைவு. பாட்டியின் வாக்கு மெய்யாகிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பரிசு நிச்சயம் என்று தோன்றிற்று.

ஒரு நாள் காலை நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். எழுந்து ஓடிப் பார்த்தால் புட்டி காலி. பாட்டி அந்நீரை வெற்றிலைக் கொடிக்கு ஊற்றியிருந்தார். இரவெல்லாம் ஓட்டில் மழை இரைந்தது எனக்கு நினைவிருந்தது. நாட்குறிப்பில் வெற்றிடம் விட மனம் வரவில்லை. நல்ல மழைதானே என்று எண்ணி ஒரு பெரிய எண்ணை எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதத்தில், தோழியின் தம்பி ஓர் ஐயத்தைக் கிளப்பினான். "அக்கா, உங்கள் புட்டி கூரை ஓரத்துச் சுவர்மேல் அல்லவா இருக்கிறது? ஓட்டிலிருந்து தெறிக்கும் நீர் உள்ளே விழாதா?" என்றான். அவனை நாங்கள் அதட்டி அனுப்பினோம். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அதே அளவில் இன்னொரு புட்டி செய்து, எங்கள் முற்றத்தின் நடுவில், திறந்த வெளியில் வைத்தேன். அடுத்த மழைக்கு இரண்டையும் பார்த்தேன். பத்தடி தூரத்தில் ஒரே வீட்டு முற்றத்தில் நின்ற இரண்டு புட்டிகள் இரண்டு விதமாகச் சொல்லின! அந்த வித்தியாசமும், இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக்கும் தோழி வீட்டுக்கும் இடையே நாங்கள் கண்ட வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்றே. சுவரானாலும் மரமானாலும் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திலாவது மழைமானி இருக்க வேண்டும் என்ற விதியைப் பிறகுதான் தேடிப் படித்தோம்.

நாங்கள் கண்டுபிடித்தது கேரளத்து மழையை அன்று. எங்கள் ஓட்டுக் கூரையைத்தான்.

பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு புட்டிகளை அருகருகே வைத்தோம். ஒரே இடத்து இரு புட்டிகளுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதை அறிந்தால்தானே, இரு இடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மெய்யா பொய்யா என்று சொல்ல முடியும்? இந்த எண்ணம் அன்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததன்று. இன்று நான் செய்யும் ஆராய்ச்சிக்கெல்லாம் அடித்தளம் இதுவே.

பழைய கணக்கை எல்லாம் மறுபடி புரட்டியபோது நெஞ்சில் முள் தைத்தாற்போல் ஒன்று பட்டது. கேரளத்தில்தான் அதிக மழை என்பதற்கு எல்லாவற்றிலும் வலிமையான சான்றாக நின்ற நாள், நான் தூங்கிப்போன அந்த நாள். என் கையால் கற்பித்து எழுதிய எண்தான் எங்கள் நம்பிக்கைக்கு மிக அழகாகப் பொருந்தியிருந்தது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? நம்பிக்கைதானே அதை எழுதியது! தோழியிடம் சொல்லி அழுதேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பள்ளியில் பெரியவர் ஒருவர், "இதற்கு ஏன் கலக்கம்? கெட்டுப்போன வாரங்களை நீக்கிவிட்டு, மீதியை ஒழுங்காக்கி எழுதுங்கள். நடுவர்களுக்கு முடிவு தெளிவாக இருக்க வேண்டும்" என்று அன்போடுதான் சொன்னார். பிள்ளைகள் பரிசு பெற வேண்டும் என்ற ஆசை அவருக்கு. நாங்கள் அப்படிச் செய்ய இருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தடுத்தது எங்கள் நற்குணம் அன்று, அந்த நாட்குறிப்பு. மையால் எழுதி, பக்க எண் இட்டு, ஆசிரியை வாரந்தோறும் கையொப்பம் வைத்த நோட்டு அது. கிழித்தால் தெரிந்துவிடும். ஆகவே அந்த நாளின் எண்ணின்மேல் ஒரு கோடு கிழித்து, 'பார்க்கவில்லை. ஊகித்து எழுதியது' என்று பக்கத்தில் குறித்தேன்.

மாவட்ட மாநாட்டில் நடுவராக இருந்த அம்மையார் எங்கள் வரைபடங்களைப் பார்க்கவில்லை. நேரே நோட்டைப் புரட்டினார். அந்தக் கோட்டில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். "அப்படியானால் உங்கள் முடிவு என்ன?" என்றார். "எங்கள் ஊரளவில் எந்தப் பக்கம் அதிகம் என்று இந்தப் புட்டிகளைக் கொண்டு சொல்ல முடியாது" என்றேன். அவர் தலையை அசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். மாநில மாநாட்டுக்கு எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது இருவரும் நிலக்கடலை தின்றுகொண்டே அழுதோம்.

கல்லூரிக்கு வந்த பின்னரே ஒரு வரலாற்றை அறிந்தேன். எங்கள் நெய்யாறு பிறக்கும் அந்த அகத்தியர் மலையின் உச்சியில் 1855-ஆம் ஆண்டு ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர் அவர். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம், காடு, காற்று, அட்டை. இத்தனையையும் தாங்கி அங்கே எதற்கு இரண்டாவது கூடம்? கீழே திருவனந்தபுரத்தில் அளக்கும் காந்த ஊசியின் அசைவை, அதே வேளையில் மேலே அளந்ததோடு ஒப்பிடுவதற்காக. அந்த அளவைகளின் தொகுப்பு 1874-இல்தான் நூலாக வெளிவந்தது. அச்செய்தியைப் படித்தபோது எங்கள் முற்றத்து இரண்டாவது புட்டி கண்முன் நின்றது.

நம் சங்கக் குடும்பங்களின் பெற்றோர்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வயதிற் சிறியவள் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வேலைக்கும் விசா கவலைக்கும் இடையே, பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற பதைப்பில், நள்ளிரவு வரை அமர்ந்து நீங்களே எரிமலையைச் செய்து தருகிறீர்கள். கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்குவோரும் உண்டு. அந்த அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் செய்து தந்த எரிமலை ஒருபோதும் தவறுவதில்லை. தவறாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை எதைச் சந்தேகிக்கக் கற்கும்? பயறு முளைக்க வைத்த அந்தச் சிறுவனிடம் "சரியாக வரவில்லை" என்று சொல்வதற்கு மாறாக, "இருட்டில் ஏன் இப்படி நீண்டது? மறுபடி வைத்துப் பார்க்கலாமா? இம்முறை கிண்ணத்துக்கு எத்தனை பயறு போடலாம்?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழிலேயே கேளுங்கள், நாட்குறிப்பையும் அவன் தமிழிலேயே எழுதட்டும். எங்கள் பாட்டியின் 'உழவு மழை' என் நோட்டில் ஏறியது அதனால்தான்.

அந்த ஆண்டு நான் ஊர் திரும்பிய மாலை, பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "என்ன மக்களே, எந்தப் பக்கம் மழை அதிகம்? கண்டுபிடித்தாயா?" என்றார்.

"சொல்ல முடியாது பாட்டி" என்றேன்.

"இதைச் சொல்லவா ஐந்து மாதம்?" என்று கேட்டுவிட்டு, முற்றத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். "அந்த இரண்டு புட்டியையும் எடுத்து எறிந்துவிடாதே. நாளைக்குக் காலையில் நானே பார்த்து வைக்கிறேன். எட்டரைதானே?"