கிளினிக் கொப்பி இல்லாமல் தியேட்டருக்குப் போகாதீர்கள்

எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் விரல் கறுத்து நாற்றமெடுத்த பிறகுதான் காலைக் காட்டுகிறார்கள். கேட்டால், பல மாதமாகவே ஏற்றத்தில் நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்ததாம், நின்றால் விட்டதாம். வாதம் என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். கடைசியில் அடைப்பைத் தாண்டி இரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்ப வேண்டியதாகிறது. போகிறவர் கையில் கிளினிக் கொப்பி இருப்பதில்லை. அந்தக் கொப்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொனிட்டருக்கு உங்கள் வழக்கம் தெரியாது

இந்தச் சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, துடிப்புக்குத் துடிப்பு பிரஷரைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டி சுற்றிப் பார்ப்பது இங்கே போதாது. இரத்தக் குழாயில் போட்ட கிளாம்பை எடுத்ததும், அதுவரை இரத்தமின்றிக் கிடந்த காலிலிருந்து அமிலமும் பொட்டாசியமும் உடம்புக்குள் திரும்பும். பிரஷர் சட்டென்று விழலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம்.

பிரஷர் இறங்கியே கிடந்தால் புது வழியில் இரத்தம் உறையும். இதயமும் சிறுநீரகமும் அடிபடும். மிஞ்சினால் தையலில் இரத்தம் கசியும். ஆனால் எது இறக்கம்? 110 ஒருவருக்கு நல்ல அளவு. வருடக்கணக்காக 170இல் இருந்தவருக்கு அதுவே ஆபத்து. பிரான்சில் ஏறத்தாழ 300 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பகுதியினரின் பிரஷரை அவரவர் வழக்கமான அளவிலிருந்து 10 வீதத்துக்கு மேல் விலகாமல் காத்தார்கள். அவர்களில் 38 வீதமானோருக்கு உறுப்புகள் பாதிக்கப்பட்டன. மற்றப் பகுதியினரில் 52 வீதமானோருக்கு. வலியிலும் பயத்திலும் வார்டில் சேரும் நாளில் எடுக்கும் பிரஷர் உங்கள் வழக்கமான பிரஷர் அல்ல. அது கொப்பியில்தான் இருக்கிறது.

பிரஷர் எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தது, எவ்வளவு இரத்தம் போனது என்ற தியேட்டர்க் குறிப்பு நோயாளியோடு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும். எவ்வளவு சேலைன், எப்போது மறுபடி பிரஷர் குளிசை, சிறுநீரகத்தை எவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பது என்பதெல்லாம் அதைப் பார்த்தே முடிவாகும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதயம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் நெஞ்சுவலி வராது. அதனால் தேவையானவர்களுக்கு இரத்தத்தில் ட்ரோபொனின் பார்ப்பார்கள்.

லயத்தில் நம்புவதும் உண்மையும்

'தலைவலி இல்லை, பிரஷரும் இல்லை.' தவறு. பிரஷர் 180ஐத் தாண்டியும் ஒன்றும் தெரியாமல் கொழுந்து எடுப்பவர்கள் உண்டு. 'அளவு சரியாகிவிட்டது, குளிசை போதும்' என்று நிறுத்துகிறார்கள். குளிசையால்தான் அது சரியாக இருந்தது! அட்டெனோலோல் போன்ற குளிசையைத் திடீரென நிறுத்தினால் இதயம் தடுமாறும். வேறு சில குளிசைகளைச் சத்திரசிகிச்சைக்கு முன் நாங்களே நிறுத்தச் சொல்வோம். எதை நிறுத்துவது என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா தீர்மானிக்கக் கூடாது.

கால் சில்லிட்டால் சுடுதண்ணீரில் வைக்கிறார்கள். சீனி வருத்தத்தால் உணர்வு போன காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கழன்று வந்த கால்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது. இறப்பர் காட்டு அட்டைக் கடியில் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்து அதைப் புண்ணாக்குகிறார்கள். கடையில் 'நோவுக் குளிசை' என்று கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை வாரக்கணக்கில் விழுங்கிவிட்டு, மயக்க மருந்து வைத்தியர் கேட்கும்போது ஒன்றுமே எடுக்கவில்லை என்கிறார்கள். யாரும் ஏச மாட்டார்கள், ஐயா. கசாயம் குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

'வயரும் குழாயும் போட்டால் ஆள் பிழைக்காது' என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். பிழைக்க வைக்கத்தான் அவை. வார்டில் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுகிறோம். பாவம் என்று பையை ஊற்றிவிடும் உறவினர்கள் அந்தக் கணக்கையே அழித்துவிடுகிறார்கள். சூடு தணியட்டும் என்று ஒளித்துக் கொடுக்கும் தம்பிலியில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சோர்ந்திருக்கும் வேளையில் அது இதயத்தையே நிறுத்தக் கூடியது.

கெஞ்சிக் கேட்கிறேன்

கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும். அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். கால் போனால் ஒரு பேரும் போட முடியாதே, அம்மா. தோட்ட டிஸ்பென்சரியிலாவது பிரஷரைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். நனைந்தாலும் கிழிந்தாலும் அதையே கொண்டு வாருங்கள். இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மலைக்குப் போகாதீர்கள். வெற்றிலையோடு சேரும் புகையிலையை விடுங்கள், சிகரெட்டையும் பீடியையும் விடுங்கள்.

திடீரெனக் கால் வெளிறி, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். உடனே 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. சுமார் ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.