விலகிய பின்னும் தொடரும் கடமைகள்

‘இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது.’ பணியில் சேரும்போது படிக்காமலேயே கையெழுத்திட்ட இந்த வரியைக் காட்டிப் பழைய நிறுவனம் கடிதம் அனுப்பினால், பலரும் அஞ்சிவிடுகின்றனர். இந்தியாவில் அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

சட்டப்படியான தொழிலில் ஈடுபடுவதிலிருந்து ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. பணிக்காலத்துக்குள் விதிக்கப்படும் தடை செல்லும் என்று 1967-இல் கூறிய உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் நீளும் தடை செல்லாது என்பதை 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் உறுதிப்படுத்தியது.

அதற்காக, விலகியவர் முற்றிலும் கட்டற்றவர் அல்லர். வாடிக்கையாளர் விவரங்கள், தயாரிப்பு முறை போன்ற ரகசியங்கள் நிறுவனத்துக்கே உரியவை. அவற்றைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது வழக்கில் கொண்டுபோய் விடலாம். கற்ற திறனும் பெற்ற அனுபவமுமே ஊழியருக்குச் சொந்தம்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் செலுத்த வேண்டும் என்னும் பிணைப் பத்திரம் வேறு வகை. அது வேறிடத்தில் வேலை செய்வதைத் தடுப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகும் அதிகாரி ரூ.2 லட்சம் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கிக்கு ஆள்சேர்ப்பில் ஏற்படும் செலவும், அத்தொகை மிகையன்று என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டன.

செல்லாது என்று தெரிந்தும் நிறுவனங்கள் சில நிபந்தனைகளைச் சேர்ப்பது, ஊழியரின் அறியாமையை நம்பித்தான். கையெழுத்திடும் முன் படிப்பதே அதற்கு முதல் மறுமொழி.